கடைசி 0.6 வினாடியும் மூன்று எறிகளும்

2019 ஏப்ரல் 6. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கல்லூரி ஆடவர் கூடைப்பந்துப் போட்டியின் அரை இறுதி ஆட்டம். ஆபர்ன் பல்கலைக்கழகம் 62, வர்ஜீனியா பல்கலைக்கழகம் 60. கடிகாரத்தில் எஞ்சியிருப்பது 0.6 வினாடி. மூன்று புள்ளி எல்லைக்கு வெளியிலிருந்து பந்தை எறிந்த வர்ஜீனியா ஆட்டக்காரர்மீது எதிரணியினர் மோதிவிட்டார். நடுவர் ஊதல் ஊதினார். தண்டனை, மூன்று ‘ஃப்ரீ த்ரோ’. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

எறிய வந்தவர் கைல் கை என்ற மாணவர். தமிழில் படித்தால் எவ்வளவு பொருத்தமான பெயர், பாருங்கள்! மூன்றில் இரண்டு தவறினால் தோல்வி. ஒன்று தவறினால் சமநிலை. மூன்றும் விழுந்தால் வெற்றி.

அந்த மூன்று எறிகளின் பின்னால் ஓராண்டுக் கதை இருந்தது. முந்தைய ஆண்டு, 2018 மார்ச் 16 அன்று, நாட்டிலேயே முதலிடத் தகுதி பெற்றிருந்த வர்ஜீனியா, தகுதி வரிசையில் 16ஆம் இடத்திலிருந்த மேரிலாந்து பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகத்திடம் 74–54 என்று தோற்றது. அதற்கு முன் ஆடவர் போட்டியில் முதலிட அணிகள் 16ஆம் இட அணிகளுடன் மோதிய 135 ஆட்டங்களிலும் முதலிட அணியே வென்றிருந்தது. நாடே சிரித்தது. ஒரு முறை தோற்றாலும் வெளியேறவேண்டிய போட்டி அது. ஆகவே பதில் சொல்ல ஓராண்டு காத்திருக்கவேண்டியதாயிற்று. அந்தத் தோல்விக்குப் பின் தம்மை வாட்டிய மனப்பதற்றத்தைப் பற்றிக் கைல் வெளிப்படையாகவே எழுதினார். இப்போது கோட்டில் நிற்பவரும் அவரேதான்.

அவருடைய கை எதைச் செய்யவேண்டியிருந்தது? இயற்பியல் கண்கொண்டு காண்போம்.

வளையம் எவ்வளவு பெரியது?

கூடையின் வளையம் தரையிலிருந்து 10 அடி, அதாவது 3.05 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் விட்டம் 45.7 செ.மீ. பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. ஏறக்குறைய இரண்டு பந்துகள் அருகருகே நுழையலாமே, இதில் என்ன கடினம் என்று தோன்றும்.

ஒரு வளையலை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். முழு வட்டம் தெரியும். மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். வட்டம் ஒடுங்கி நீள்வட்டமாகிறது அல்லவா? சாய்வாக வரும் பந்துக்கும் வளையம் அப்படித்தான் ‘தெரிகிறது’. பந்து கிடைத்தளத்துடன் 32 பாகைக்கும் குறைவான கோணத்தில் வந்தால், அதற்குக் கிடைக்கும் வாயில் பந்தின் விட்டத்தைவிடக் குறுகிவிடும். வளையத்தைத் தொடாமல் நுழைய வழியே இல்லை.

அப்படியானால் மிக உயரமாக எறிந்து, செங்குத்தாக விழச்செய்தால் என்ன? வாயில் அகலமாகும், உண்மைதான். ஆனால் அதற்கு அதிக வேகம் தேவை. வேகம் கூடக் கூடக் கையின் கட்டுப்பாடு குறையும். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல கோணம் இருக்கவேண்டும்.

மன்னிக்கும் கோணம், மன்னிக்காத வேகம்

ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து வளையத்தின் மையம் கிடைமட்டமாக 4.19 மீட்டர் தொலைவு. பந்து கோட்டுக்கு நேர்மேலே, 7 அடி (2.13 மீட்டர்) உயரத்தில் கையை விட்டுக் கிளம்புவதாகக் கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். எறிபொருள் இயக்கச் சமன்பாடுகளைப் போட்டுப் பார்த்தால், வளையத்தின் மையத்தை அடைய மிகக் குறைந்த வேகம் போதுமான கோணம் ஏறத்தாழ 51 பாகை என்று கிடைக்கிறது. அந்த வேகம் வினாடிக்கு 7.15 மீட்டர்.

இந்தக் கோணத்திற்கு ஓர் அருமையான பண்பு உண்டு. குன்றின் உச்சியில் ஓரடி முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும் உயரம் அதிகம் மாறாது. அதுபோலவே இங்கே கோணம் ஒரு பாகை பிசகினாலும் பந்து விழும் இடம் அரைச் செண்டிமீட்டர்கூட மாறுவதில்லை. ஆனால் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால், பந்து 10 செ.மீ.க்கும் அதிகமாக விலகிவிடும். வளையத்தைத் தொடாமல் விழவேண்டுமானால் முன்னும் பின்னும் 4 செ.மீ. இடங்கூட இல்லை. அதாவது வேகம் வினாடிக்கு இரண்டரைச் செண்டிமீட்டர் அளவுக்குள் துல்லியமாக இருக்கவேண்டும்!

புரூக்ளின் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் பீட்டர் பிராங்காசியோ 1981இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கணக்கை விரிவாக ஆராய்ந்தார். 2008இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில்வர்பெர்க், டிரான் ஆகியோர் கணிப்பொறியில் எண்ணற்ற எறிகளை எறிந்து பார்த்து, ஏறத்தாழ 52 பாகையே சிறந்தது என்றனர்.

பின்சுழற்சி எதற்கு?

அவர்கள் சொன்ன இன்னொன்று: பந்து வினாடிக்கு மூன்று முறை பின்னோக்கிச் சுழலவேண்டும். பழைய சைக்கிள் வளையத்தைப் பின்னோக்கிச் சுழற்றிவிட்டு முன்னே தள்ளிப் பாருங்கள். சிறிது தூரம் சென்று, உராய்வின் பிடியில் வேகம் இழந்து, உங்களிடமே திரும்பி வரும். பின்சுழற்சியுள்ள பந்தும் வளையத்தைத் தொடும்போது அவ்வாறே வேகம் இழக்கிறது. எகிறிப் போகாமல் கூடைக்குள் தணிந்து விழ வாய்ப்பு ஏற்படுகிறது. வேகத்தில் நேரும் சிறு பிழைகளுக்குச் சுழற்சிதான் காப்பு.

மூன்று முறை

அந்தப் பருவத்தில் கைல் எறிந்த ஃப்ரீ த்ரோக்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் விழுந்திருந்தன. கணக்குக்கு ஆறில் ஐந்து என்று வைப்போம். மூன்றும் விழ வாய்ப்பு 5/6 × 5/6 × 5/6. அதாவது 216இல் 125, நூற்றுக்கு 58 மட்டுமே. பகடையை மூன்று முறை உருட்டி, ஒருமுறைகூட ‘ஒன்று’ விழாமல் தப்புவதற்குச் சமம். சிறந்த கைக்கும் அது எளிதன்று.

முதல் எறி விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது: 62–62. எதிரணி இடைநிறுத்தம் கேட்டது. அவரை நினைக்க வைத்தது. பிறகு மூன்றாவது எறி. நம் கணக்கின்படி அது காற்றில் இருந்த நேரம் சுமார் 0.9 வினாடி, ஆட்டத்தில் எஞ்சியிருந்த நேரத்தைவிடவே அதிகம்! கடிகாரம் நிறுத்தப்பட்டிருந்ததால்தான் அது இயன்றது. பந்து கூடைக்குள் விழுந்தது. 63–62.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 8 அன்று, கூடுதல் நேரம் வரை சென்ற இறுதி ஆட்டத்தில் டெக்சாஸ் டெக் அணியை 85–77 என வென்று வர்ஜீனியா முதன்முறையாகச் சாம்பியன் ஆயிற்று. அப்பருவத்தில் 35 வெற்றிகள், 3 தோல்விகள்.

கைல் கோட்டில் நின்று சமன்பாடு எதையும் போடவில்லை. வினாடிக்கு 7.15 மீட்டர் என்பதை அவர் முழங்காலும் முழங்கையும் மணிக்கட்டும், ஆளில்லாத ஆடுகளங்களில் ஆயிரமாயிரம் முறை எறிந்து கற்றிருந்தன. எந்த எறி விழும் என்பதை இயற்பியல் முன்கூட்டிச் சொல்லாது. பிழைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அந்தச் சிறிய இடத்துக்குள் தன் கையைப் பழக்குவதுதான் பயிற்சி. அடுத்த முறை உங்கள் கல்லூரித் திடலில் ஒரு மாணவர் தனியே நின்று ஓயாமல் பந்தெறிவதைக் கண்டால், அவர் எதை அளந்துகொண்டிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.