ஒரு கையால் டைப் செய்யலாம்

உங்கள் கம்ப்யூட்டரில் ஷிப்ட் கீயை ஐந்து முறை தொடர்ந்து தட்டிப் பாருங்கள். ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா எனக் கேட்டு ஒரு சிறிய பெட்டி திரையில் தோன்றும். கேம்ஸ் விளையாடுகையில் இது வந்து, எரிச்சலுடன் மூடியிருப்பீர்கள். நானும் அப்படித்தான். இஞ்சினியரிங் படித்து, ஆறு ஆண்டுகளாக சாப்ட்வேர் எழுதி வந்தும், இதை யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. பேச்சும் குழறியது. அவர் தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். ஓய்வு பெற்ற பின்னும், தெருவில் யாருக்கு முதியோர் உதவித்தொகை மனு வேண்டும் என்றாலும், பட்டா மாற்றம் என்றாலும் அப்பாதான் டைப் செய்து கொடுப்பார். அது நின்றுபோனது.

மகன் கம்ப்யூட்டர் ஆள் அல்லவா? உடனே வாய்ஸ் டைப்பிங் அமைத்துக் கொடுத்தேன். அவர் சொல்வது ஒன்று, திரையில் வருவது வேறு. மூன்றாம் நாள் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டார். அடுத்து ஒரு டேப்ளட் வாங்கினேன். அது அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

பிறகுதான் டாக்டர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். பிசியோதெரபி நமக்குத் தெரியும். குளிப்பது, சாப்பிடுவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளி மீண்டும் தானே செய்ய வழி காட்டுபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியை மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950ல் கமலா நிம்ப்கர் தொடங்கினார். எனக்கு இந்தப் படிப்பின் பெயரே அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தவர் என் வயதுதான் இருப்பார். கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. "ஐயா, திரும்ப என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். "மனு" என்றார் அப்பா. இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவில்லை.

அடுத்து நாற்காலியைப் பார்த்தார். அப்பாவின் பாதம் தரையில் படவில்லை. ஒரு பலகை போட்டோம். தொங்கிக்கொண்டிருந்த வலது கையை, துண்டை மடித்து வைத்து மேஜை மேல் தாங்கலாக வைத்தார். மவுஸ் இடது பக்கம் போனது. பத்து நிமிடம் அப்பாவை டைப் செய்ய விட்டு, பேசாமல் கவனித்தார். பழக்கமில்லாத இடது கை, கீயிலிருந்து விரலை எடுக்கத் தாமதிக்கிறது. ஒரே எழுத்து நாலைந்து முறை விழுகிறது. ஷிப்ட் கீயுடன் இன்னொரு கீயைச் சேர்த்து அழுத்த வழியில்லை. இந்த இரண்டையும் குறித்துக்கொண்டு, "இதுக்கு கம்ப்யூட்டர்லயே ஏதாவது வசதி இருக்கணுமே, சார்?" என்று என்னைப் பார்த்தார்.

இருந்தது. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், ஆக்ஸசிபிலிட்டி, கீபோர்டு எனச் சென்று ஸ்டிக்கி கீஸை இயக்கவும். விண்டோஸ் 10ல் இப்பிரிவின் பெயர் ஈஸ் ஆப் ஆக்சஸ். இனி ஷிப்ட் கீயைத் தட்டி விட்டுவிட்டு, அடுத்த கீயைத் தட்டினால் போதும். இரண்டும் சேர்த்து அழுத்தியதாக கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். எழுத்து திரும்பத் திரும்ப விழுவதைக் குறைக்க, கண்ட்ரோல் பேனலில் கீபோர்டு பிரிவைத் திறந்து, ரிபீட் டிலே என்பதை லாங் பக்கம் நகர்த்தவும். பைசா செலவில்லை. ஸ்டிக்கி கீஸ் 1995ல் வந்த விண்டோஸ் 95லேயே இருந்த வசதி!

அப்பா பழைய டைப்ரைட்டர் முறையில் அடிப்பவர். அதில் ஷிப்ட் அதிகம். "தமிழ்99க்கு மாற்றிவிடலாம், ஷிப்ட் குறையும்" என்றேன். தெரபிஸ்ட் மறுத்துவிட்டார். "புதுக் கையைப் பழகறப்ப புது கீபோர்டும் வேண்டாம், சார். எழுத்து எங்க இருக்குன்னு ஐயாவுக்கு மனப்பாடம். அதுதான் இப்ப அவருக்கு பலம்." தினமும் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம் என்று கணக்கு. களைப்பு வரும் முன் நிறுத்திவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அவர் வந்தபோது அப்பா டைப் செய்வதையே நிறுத்தியிருந்தார். திடீரென்று ஷிப்ட் வேலை செய்யவில்லையாம். தனக்கு மறுபடி நோய் முற்றிவிட்டது என்று பயந்து, நான்கு நாட்களாக யாரிடமும் சொல்லவில்லை. காரணம் என் அக்கா மகன். விடுமுறைக்கு வந்தவன் வழக்கம் போல் ஷிப்டுடன் எழுத்துக் கீயைச் சேர்த்து அழுத்தியிருக்கிறான். இரண்டு கீகளைச் சேர்த்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் தானாக நின்றுவிடும். நிறுவும்போதே அப்படித்தான் அமைந்திருக்கிறது. அந்த அமைப்பு ஸ்டிக்கி கீஸ் பக்கத்திலேயே கீழே இருக்கிறது. பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் மறக்காமல் அதை நிறுத்தி வைக்கவும். அவர் மறுபடி வராமல் இருந்திருந்தால் கீபோர்டும் டேப்ளட் பெட்டியோடு பரணுக்குப் போயிருக்கும்.

எதிர் வீட்டுப் பாட்டியின் மனுவை அப்பா சென்ற மாதம் முடித்தார். ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம். பிரிண்ட் எடுத்ததும், மார்ஜின் சரியில்லை என்று என்னைத்தான் திட்டினார். இப்போது வலது கைக்கும் தெரபிஸ்ட் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்: இடது கையால் கையெழுத்துப் போடும்போது காகிதம் நகராமல் அழுத்திப் பிடிப்பது.