பேசாமலே ஒத்துப்போகும் துகள்கள்

ஒரு சிறு விளையாட்டு. நீங்களும் உங்கள் தோழியும் தனித்தனி அறையில் இருக்கிறீர்கள். நடுவர் இருவரிடமும் ஆளுக்கொரு சீட்டு நீட்டுகிறார். அதில் 0 அல்லது 1 எழுதியிருக்கும். பதிலுக்கு நீங்களும் 0 அல்லது 1 சொல்ல வேண்டும். இருவருக்கும் 1 வந்தால் பதில்கள் வேறுபட வேண்டும். மற்றபடி ஒன்றாக இருக்க வேண்டும். பேசிக்கொள்ளக் கூடாது.

எது வந்தாலும் இருவரும் 0 என்று சொன்னால், சராசரியாக 75 சதவீதம் வெற்றி. முன்கூட்டி எப்படித் திட்டமிட்டாலும் அதைத் தாண்ட முடியாது. ஆனால் குவாண்டம் பின்னலில் (entanglement) இணைந்த இரு ஃபோட்டான்களை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, சீட்டுக்கேற்ற கோணத்தில் அளந்து, வரும் விடையைச் சொன்னால் வெற்றி சுமார் 85 சதவீதம்! இதற்கு 1964-ல் அடித்தளம் போட்டவர் இயற்பியலாளர் ஜான் பெல். இந்த ஒற்றுமையைச் சோதனையில் நிறுவிய ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பின்னலால் மட்டும் ஒரு சேதியும் அனுப்ப முடியாது. ஒரு பக்கம் அளப்பவருக்குக் கிடைப்பது, நாணயம் சுண்டியதுபோன்ற விடைதான். இரண்டு விடைகளையும் அருகருகே வைத்தால்தான் ஒற்றுமை தெரியும். ஆனாலும், அனுப்ப வேண்டிய சேதியை அது குறைத்துவிடும். மூவர் சேர்ந்து போடும் ஒரு கணக்குக்கு 3 பிட் பரிமாற்றம் தேவை என்றால், பின்னல் இருந்தால் 2 பிட் போதும் என்று 1997-ல் ஆய்வாளர்கள் கிளீவும் புர்மனும் காட்டினார்கள்.

ஒரு பிட் மிச்சம் சிறிதுதான். ஆனால் இரு கணினிகளில் இரண்டு நாட்காட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஓய்வான நாளைக் கண்டுபிடிக்க வேண்டும். நாட்கள் 100 மடங்கானால் வழக்கமான முறையில் பரிமாற்றமும் 100 மடங்காகும். பின்னலைப் பயன்படுத்தும் குவாண்டம் முறையில் 10 மடங்குதான்!

பின்னலால் கணினிகளை இணைத்துக் கணக்குப் போடுவது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வகத்தில் கருவியாகவும் வந்துவிட்டது. 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு சிறு குவாண்டம் கணினிகள், ஒவ்வொன்றிலும் மின்புலத்தில் சிறைப்பட்ட ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் அயனிகள், நடுவே ஒளியிழை. ஸ்ட்ரான்ஷியம் அயனிகள் உமிழும் ஃபோட்டான்கள் பின்னலை உண்டாக்க, கால்சியம் அயனிகள் கணக்கைச் சுமந்தன. இரண்டும் ஒரே கணினிபோல இயங்கி, குரோவர் தேடல் என்ற குவாண்டம் தேடல் முறையைச் செய்துகாட்டின. 71 சதவீதம் சரியான விடை வந்தது. 2025-ல் வெளியான முடிவு இது.

பின்னல், பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் சரக்கு. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பின்ன வேண்டும். அதை வேகமாகவும் பிழையின்றியும் பின்னக் கற்றுக்கொண்டால், ஒற்றைப் பெட்டியில் அடங்காத கணக்கைப் பல சிறு பெட்டிகள் பகிர்ந்து போட்டுவிடும்.