கோவளம் கற்பித்த பாடம்

டில்லியில் படிக்கும் நமக்குக் கடல் என்பது பெரும்பாலும் படத்தில் காணும் பொருள். "தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களாயிற்றே, கடலை அறியாதவர்களா நாம்?" என்று சிலர் கேட்கலாம். மெரினாவில் சுண்டல் தின்றதும், கணுக்கால் நனைய நின்றதும் கடலை அறிந்ததாகுமா? ஆகும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சென்ற டிசம்பர் விடுமுறையில் கோவளத்தில் கழித்த ஆறு நாட்கள் அந்த எண்ணத்தை மாற்றின. விடுமுறைக்குக் கடற்கரை செல்லக் கருதும் தோழர்களுக்குப் பயன்படும் என்று இதனை எழுதுகிறேன்.

கோவளம் என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் 2021-ஆம் ஆண்டில் நீலக்கொடிச் சான்று பெற்றது. நான் சொல்வது அதுவன்று. கேரளத்தில், திருவனந்தபுரத்திற்குத் தெற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ள கோவளம்.

நாங்கள் மூவர் புறப்பட்டோம். ஆளுக்கு ஒரு முதுகுப்பை. அதற்குள் மாற்றுத்துணி, போர்வை, தண்ணீர்ப் புட்டி. பெட்டி படுக்கை எதுவும் இல்லை. புதுடில்லியிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் ஏறத்தாழ 3,000 கி.மீ.; சுமார் 50 மணி நேரப் பயணம். மூடுபனியில் தொடங்கிய வண்டி, காட்பாடியைத் தாண்டியதும் நம் ஊர்க்காற்றில் ஓடியது. சேலம் நிலையத்தில் எங்கள் நண்பர் ஒருவரின் தாயார் தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு கொண்டுவந்து கொடுத்தார். "இவ்வளவு தூரம் வந்துட்டு வீட்டுக்கு வராம போறியேடா" என்று மகனைக் கடிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இவனைக் கொஞ்சம் பாத்துக்கப்பா" என்றார். அந்தச் சொல் பின்னர் என் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கோவளத்திற்குப் பேருந்துகள் செல்கின்றன. பிறைபோல் வளைந்த மணற்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த ஊர் அது. கரைக்கும் கரைக்கும் இடையே பாறைகள் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. தென்கோடியில் ஒரு குன்றின்மேல் சிவப்பும் வெள்ளையும் பூசிய கலங்கரை விளக்கம். 1972-இல் அமைந்த அதன் உயரம் 36 மீட்டர்.

மீனவர் சிற்றூர் எப்படி உலகறிந்த உல்லாசக் கரையாயிற்று? 1932-இல் திருவிதாங்கூர் மகாராணி சேது லட்சுமிபாய்க்கு இங்கே ஒரு கடற்கரை மாளிகை எழுந்தது. பின்னர் 1960-களிலும் 1970-களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியா வந்தார்கள். அவர்களிடமும் இருந்தது ஒரு முதுகுப்பையும் சொற்பப் பணமுமே. கோவாவிலும் கோவளத்திலும் அவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். 1979-ஆம் ஆண்டு ஈரான் புரட்சியும், ஆப்கானிஸ்தானில் மூண்ட போரும் அந்த வழியை அடைத்துவிட்டன. அதற்குள் கோவளத்தின் பெயர் பரவிவிட்டது. சார்லஸ் கொரியா வரைந்த அரசு விடுதியும் 1970-களில் குன்றின்மேல் எழுந்துவிட்டது.

மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: கடலைப் பார்த்த அறைக்குத்தான் விலை அதிகம். தென்னந்தோப்புச் சந்துகளில் இரண்டு நிமிடம் நடந்தால் வாடகை குறைகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கும் கூட்டம். அதற்கு முன்பே சென்று திரும்பிவிடுவது நலம். உணவுக்கு மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் போதும். மாலையில் கரையோர உணவகங்களின் விளக்குகள் எரியும். ஒரு மேசையில் ருசிய மொழி, அடுத்ததில் இந்தி, அதற்கடுத்ததில் நம் நாகர்கோவில் தமிழ். இந்தக் கலகலப்பில் கடலும் ஒரு வேடிக்கைப் பொருள்தான் என்று மனம் நம்பிவிடுகிறது. அங்கேதான் ஆபத்துத் தொடங்குகிறது.

இரண்டாம் நாள் விடியற்காலை. உயிர்காப்பாளர்கள் இன்னும் வரவில்லை. எங்கும் அலை புரண்டுகொண்டிருந்தது. பாறையோரத்தில் மட்டும் ஓரிடம் அலையின்றி அமைதியாகத் தெரிந்தது. "இங்கே இறங்கலாம், இதுதான் பத்திரம்" என்று சொன்னவன் நான்தான். சேலத்து நண்பர் கிணற்றிலும் காவிரியிலும் நீந்திப் பழகியவர், முதலில் இறங்கினார். சற்றுத் தொலைவில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "மோனே, அவிடெ இறங்கண்டா!" என்று கூவினார். அது எனக்கு விளங்குவதற்குள் நண்பர் வெகுதூரம் போய்விட்டார். கரையை நோக்கி அவர் எவ்வளவு வேகமாக நீந்தினாரோ அவ்வளவு வேகமாகப் பின்னே சென்றார். கைகள் தளர்வது கரையிலிருந்தே தெரிந்தது. சேலம் நிலையத்தில் தூக்குப் பாத்திரத்துடன் நின்ற அந்த அம்மாவின் முகம் என் கண்முன் வந்தது.

பெரியவர் ஓடிவந்து கையைப் பக்கவாட்டில் வீசி வீசிக் காட்டினார். ஓர் இளைஞர் வலை மிதவையைக் கையில் பற்றிக்கொண்டு பாய்ந்தார். அவர் நண்பரை நேரே கரைக்கு இழுக்கவில்லை. பக்கவாட்டில், அலை உடையும் இடத்திற்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அலைகளே இருவரையும் கரையில் தள்ளின. நண்பர் மணலில் கிடந்து நெடுநேரம் இருமினார். நான் பேசாமல் நின்றேன்.

நடந்தது என்ன? அலைகள் ஓயாது கரைக்கு நீரைக் கொண்டுவருகின்றன. அந்த நீர் திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையிலோ பாறையை ஒட்டியோ ஆழமான வாய்க்கால் இருந்தால், நீர் அங்கே திரண்டு கடலை நோக்கி ஓடுகிறது. ஆழம் மிகுதியாதலால் அங்கே அலை உடைவதில்லை. நீர் சற்றுக் கறுத்து, அமைதியாகத் தோன்றுகிறது. அறியாதவன் தேர்ந்தெடுக்கும் இடமே கடலின் வாசலாக இருக்கிறது. வலுத்த வேளையில் இந்த இழுப்பு நொடிக்கு 2 மீட்டர் வேகத்தை எட்டும். உலகப் போட்டிகளில் நீந்துபவராலும் அதை எதிர்த்து நெடுநேரம் தாக்குப்பிடிக்க இயலாது.

ஆயினும் இந்த இழுப்பு ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. மனிதனைக் கொல்வது பெரும்பாலும் பதற்றமும் களைப்புமே. சிக்கிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். இயன்றால் கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பைவிட்டு விலகியபின் அலையோடு திரும்புங்கள். சிவப்புக்கொடி பறந்தால் இறங்கவே கூடாது. பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான கொடிகளுக்கு இடையே உள்ள பகுதி உயிர்காப்பாளரின் கண்காணிப்பில் உள்ளது. அவர்கள் இல்லாத நேரத்தில் கரையோடு நிற்பதே அறிவுடைமை.

கோடை விடுமுறையில் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. மழைக்காலத்திற்கு முன், ஏப்ரல், மே மாதங்களில், காற்றும் மழையும் இல்லாதபோதே கேரளக் கடல் திடீரென்று பொங்கிக் கரையேறுவதுண்டு. திருடனைப்போல் வருவதால் மீனவர் அதனைக் 'கள்ளக்கடல்' என்பர். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் எழுப்பிய அலைகளே பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. மீனவர் வழங்கிய இந்தச் சொல்லையே 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்கிற்கு ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடல் வருமுன் எச்சரிக்கை விடுக்கிறது. அதைக் கேட்டுப் புறப்படுங்கள்.

அன்று பிற்பகல் நாங்களும் கரைவலையின் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். உள்ளங்கை கொப்பளித்தது, கிடைத்ததோ சில கூடை நெத்திலி. நாம் விளையாடப் போகும் மணல் அவர்களுக்குப் பணிக்களம் என்பது அப்போது புரிந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் இக்கரையிலும் குமரி மாவட்டத்திலும் எத்தனையோ வீடுகளின் தலைவர்களைக் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, இதே மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று ஆயிரக்கணக்கானோரைக் காத்தார்கள். என் நண்பரைக் காத்த இளைஞரிடம் நாங்கள் பணம் நீட்டினோம். அவர் கை நீட்டவில்லை. பெரியவர் மட்டும் சிரித்தார். "அடுத்த தடவை கேட்டுட்டு இறங்குங்க" என்று எங்கள் தமிழிலேயே சொன்னார்.

'கட்டுமரம்' என்ற சொல்லை ஆங்கிலத்திற்கு ஈந்த இனம், நெய்தல் என்று ஒரு திணையே வகுத்த இனம் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். அந்த நெய்தலின் அறிவு இன்றும் கரையில் வலை இழுப்பவரிடம் உயிரோடு இருக்கிறது. தோழர்களே, முதுகுப்பையோடு கடற்கரைக்குப் போங்கள், மகிழ்ச்சியாக இருங்கள். ஆனால் நீரில் கால் வைக்குமுன், "இங்கே இறங்கலாமா?" என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். திரும்பும்போது சேலம் நிலையத்தில் அந்த அம்மாவிடம் மகனைக் காட்ட என்னால் முடிந்தது. அதற்குக் காரணம் நான் அல்லன்.