கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு?

இங்கிலாந்தில் புது வீடுகள் எழும்பும் இடங்களில் ‘பார்ட் எக்ஸ்சேஞ்ச்’ விளம்பரத்தை அடிக்கடி பார்க்கலாம். உங்கள் பழைய வீட்டைக் கட்டுமான நிறுவனமே வாங்கிக்கொள்ளும். அதன் விலையைக் கழித்து, மிச்சத்தைக் கட்டினால் புது வீடு உங்களுக்கு. ஏஜென்ட் கமிஷன் கிடையாது. அங்கே வீடு விற்பவர்களை வாட்டும் ‘செயின்’ தொல்லையும் இல்லை. உங்கள் வீட்டை வாங்க வருபவர் முதலில் தன் வீட்டை விற்றாக வேண்டும், அதை வாங்குபவர் தன்னுடையதை விற்றாக வேண்டும். ஒப்பந்தம் கைமாறும் முன் யாராவது ஒருவர் விலகினாலும் எல்லாம் நின்றுபோகும். வேலை மாற்றமோ குடும்பச் சூழலோ விரட்டும்போது இந்தத் திட்டம் பெரிய உதவிதான். அந்த உதவிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரியாமலே பலர் கையெழுத்திடுவதுதான் கவலை தருகிறது.

பழைய நகையைப் போட்டுப் புதிது எடுத்தவர்களுக்கு இந்த வியாபாரம் எளிதில் புரியும். பழசுக்குக் கூட்டிக் கொடுத்ததைக் கடைக்காரர் செய்கூலியிலும் சேதாரத்திலும் திரும்ப எடுத்துவிடலாம். இங்கேயும் ஒரே மேசையில் இரண்டு விலைகள். ஒன்றை மட்டும் பார்த்து மகிழ்ந்தால் மற்றொன்றில் இழப்போம்.

ஒரு கணக்குப் போடுவோம். புது வீடு 400,000 பவுண்டு. உங்கள் வீடு சந்தையில் 280,000 போகும். நிறுவனம் 266,000 தருகிறது. நீங்கள் கட்ட வேண்டியது 134,000. அதே வீட்டை ஏஜென்ட் மூலம் விற்று, வாட் வரியோடு 1.8 சதவீதக் கமிஷன் கொடுத்தால் 274,960 நிற்கும். பார்ட் எக்ஸ்சேஞ்ச் கேட்காத காரணத்தால் புது வீட்டில் 10,000 குறைத்துப் பேசினீர்கள் என்றால், கட்ட வேண்டியது 115,040தான். வித்தியாசம் 18,960 பவுண்டு. அலைச்சல் மிச்சமானதற்கு இது நியாயமான விலைதானா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் அவசரத்தை வைத்து முடிவு செய்யட்டும். ஆனால் இந்த எண் முன்னால் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, பார்ட் எக்ஸ்சேஞ்சோடு என்ன விலை, இல்லாமல் என்ன விலை என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குவது.

நிறுவனம் தரும் விலை, வழக்கமாக உள்ளூர் ஏஜென்ட்டுகள் இரண்டு மூன்று பேரின் மதிப்பீட்டிலிருந்து வருகிறது. வாங்கிய வீட்டை அது சீக்கிரம் விற்றாக வேண்டும். அதனால் விலையும் அதற்கேற்பத் தாழ்ந்தே இருக்கும். அந்த மதிப்பீடுகளைக் காட்டச் சொல்லுங்கள். நீங்களும் தனியாக ஏஜென்ட்டுகளை அழைத்து விலை கேளுங்கள். பெரும்பாலும் கட்டணம் இல்லை. உங்கள் தெருவில் எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்பதை நிலப் பதிவுத்துறை இலவசமாகவே வெளியிடுகிறது. பேரம் பேசப் போகும்போது கையில் இருக்க வேண்டிய தாள் அதுதான்.

பேரத்தில் நிறுவனம் பழைய வீட்டின் விலையைக் கொஞ்சம் ஏற்றும், தரைவிரிப்பு போட்டுத் தரும், வழக்கறிஞர் செலவை ஏற்கும். புது வீட்டின் விலையில் மட்டும் கை வைக்கத் தயங்கும். பதிவாகும் அந்த விலைதான் பக்கத்து மனைகளை விற்கும்போது அளவுகோலாகிறது. உங்களுக்கோ அந்த விலை குறைவதே லாபம். முத்திரை வரி, நீங்கள் கட்டும் வித்தியாசத் தொகைக்கு அல்ல, புது வீட்டின் முழு மதிப்புக்கு. 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, இதுவே உங்கள் ஒரே வீடாக இருந்தால், 400,000 பவுண்டு வீட்டுக்கு 10,000 பவுண்டு வரி. விலையில் 10,000 குறைந்தால் வரியிலும் 500 குறையும். பழைய வீட்டுக்கு 10,000 கூட்டிக் கொடுத்தால் வரி அப்படியே இருக்கும். (ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வரி வேறு.)

காலமும் பேசும். வீடு கட்டும் பெரிய நிறுவனங்களில் ஒன்றான பாரட் ரெட்ரோவின் கணக்காண்டு ஜூனில் முடிகிறது. பெர்சிமன், டெய்லர் விம்பி நிறுவனங்களுக்கு டிசம்பரில். கணக்கு முடிக்கும் முன் விற்பனையைக் காட்ட வேண்டிய மாதங்களில் இறங்கிவர வாய்ப்பு அதிகம். கட்டி முடித்தும் விற்காமல் நிற்கும் வீடு என்றால் இன்னும் நல்லது.

கிடைத்த சலுகை எதையும் கடன் தரும் வங்கியிடம் மறைக்க வேண்டாம். சலுகைகளைக் காட்டும் படிவத்தை நிறுவனம் நிரப்பித் தர வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் அதையும் கணக்கில் எடுப்பார். அவர் வீட்டின் மதிப்பைக் குறைத்துச் சொன்னால், அதுவும் விலையை மறுபடி பேசக் காரணமாகும்.

“நாளைக்குள் சொல்லுங்கள்” என்ற நெருக்கடிக்கு மசிய வேண்டியதில்லை. புது வீடுகள் தர வாரியத்தில் பதிவான நிறுவனங்கள் 2022இல் வந்த விதிமுறைக்குக் கட்டுப்பட்டவை. அழுத்தம் கொடுத்து விற்பதை அது தடுக்கிறது. முன்பணம் கட்டிய பிறகும் 14 நாட்களுக்குள் மனம் மாறினால் முழுத் தொகையும் திரும்ப வரும். அவர்கள் பரிந்துரைக்கும் வழக்கறிஞரைத்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; இரண்டு பரிவர்த்தனையையும் பார்க்க உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள். எல்லா நிறுவனமும் பதிவு செய்திருக்காது என்பதால், பணம் கட்டும் முன் வாரியத்தின் பட்டியலில் பெயரைத் தேடிவிடுங்கள். பதிவான நிறுவனத்தோடு பிரச்சினை வந்தால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். 56 நாட்கள் கடந்தும் தீரவில்லை என்றால் புது வீடுகள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வீடு வாங்கியவரிடம் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.