தோட்டத்து ஈக்கள் – 9: பிரிந்ததா, ஓடியதா?

வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் தை, மாசியில் அடிக்கடி கேட்பது இது: “கொய்யாக் கிளையில கூட்டம் கொத்தாத் தொங்குதுங்க. பெட்டி ஈ ஓடிப்போச்சுங்களா?”

கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் விடை கிடைக்காது. பெட்டியைத் திறக்க வேண்டும்.

நம் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ. பூ பெருகும் காலத்தில் ஈக்கள் பெருகி இடம் போதாமல் போகும். அடையின் கீழ் விளிம்பில் ராணி அறைகள் தொங்கத் தொடங்கும். முதல் அறை மூடப்படும் நாளையொட்டி, பழைய ராணி ஏறக்குறையப் பாதி ஈக்களோடு கிளம்பிவிடும். வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுத் தாய் தனிக்குடித்தனம் போகிற குடும்பம் இது! புழு, தேன், மகரந்தம், மிச்ச ஈக்கள் எல்லாம் பெட்டியிலேயே இருந்தால் கூட்டம் பிரிந்திருக்கிறது, கவலை வேண்டாம். ஆனால் ஒரு வாரத்தில் புது ராணியோடு இன்னொரு சிறு கூட்டம் கிளம்பலாம். அதனால் நல்ல ராணி அறை ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுவார்கள்.

ஓடிப்போன பெட்டியில் முட்டையும் இருக்காது, தேனும் இருக்காது. வெற்று அடையில் மெழுகுப் பூச்சியின் நூலாம்படைதான் மிஞ்சும். எறும்பு, சித்திரை வெயில், பூவில்லாக் காலத்துப் பட்டினி என்று காரணம் பல. தேனை ஒட்ட வழித்தெடுத்த நம் கையும் அதில் ஒன்று. ஓடுவதற்குச் சில நாள் முன்பிருந்தே ராணி முட்டையிடுவது குறையும். காலில் மகரந்த உருண்டையோடு திரும்பும் ஈக்களும் அருகிவிடும். காலையில் வாசலைப் பார்த்து வந்தாலே இது பிடிபடும்.

கிளையில் தொங்கிய கூட்டம் சற்று நேரத்தில் பெட்டிக்கே திரும்பினால் ராணி கூட வரவில்லை என்று பொருள்; பெரும்பாலும் வாசல் தடுப்பு அதை நிறுத்தியிருக்கும். பிற்பகலில் வாசலைப் பார்த்தபடி முன்னும் பின்னும் பறந்து சற்று நேரத்தில் அடங்கும் கும்பல், வீட்டு அடையாளம் பழகும் இளம் ஈக்கள்.

இரண்டு, மூன்று நாள் அசையாமல் தொங்குவதுதான் பலரை மிரட்டுகிறது. ஜெர்மானியர் மார்ட்டின் லிண்டாவர் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மியூனிக்கில் இப்படித் தொங்கிய கூட்டத்தின்மேல் கரியும் செங்கல் தூளும் படிந்த ஈக்கள் ஆடுவதைக் கவனித்தார். இடிந்த கட்டடங்களில் பொந்து தேடிவிட்டு வந்த ஒற்றர்கள் அவை. ஒவ்வொன்றும் தான் கண்ட இடத்தை ஆடிச் சொல்ல, ஆட்டங்கள் ஓரிடத்தையே காட்டும்வரை கூட்டம் கிளம்பவில்லை. பின்னாளில் இலங்கைக்கு வந்து நம் நாட்டுத் தேனீக்களின் ஆட்டத்தையும் அவர் ஆராய்ந்தார்.

வயிறு நிறையத் தேனோடு தொங்கும் கூட்டம் சீண்டாதவரை பொதுவாகக் கொட்டாது. தீப்பந்தம் தூக்குவது வீண் கொலை. ஆனால் ஈ பெரிதாக இருந்தால் விலகிவிடுங்கள்: இடம்பெயரும் மலைத்தேனீயும் வழியில் கிளைகளில் தங்கும், அதைப் பிடிக்க நினைக்கக் கூடாது.

நம் ஈதான் என்று உறுதியானால் மாலையில் பிடிக்கலாம். புதுப் பெட்டியில் வேறு கூட்டத்திலிருந்து எடுத்த, புழு உள்ள அடை ஒன்றை வையுங்கள். புழுவை விட்டுவிட்டு ஈக்கள் எளிதில் கிளம்பாது. சர்க்கரைப் பாகை இருட்டியபின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே சிந்தினால் பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

அடுத்த வாரம்: 1991-92இல் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்த புழு நோய்.

(தொடரும்)