தலைக்குள் மின்சாரம் செலுத்துவதில்லை

சென்ற மாதம் ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ஏடுகளைப் பார்த்து முடித்து எழுகையில், அங்கத்தினர் ஒருவர் தயங்கி நின்றார். அவருடைய 10 வயது மகளுக்கு இருமுறை வலிப்பு கண்டதாம். ஈ.ஈ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பரிசோதனை செய்து வருமாறு டாக்டர் கொடுத்த சீட்டு மூன்று மாதமாக மாடத்திலேயே கிடந்தது. "குழந்தை தலையிலே கரண்டு வைப்பாங்களாமே, ஐயா!" என்றார்.

இவ்வச்சம் அவர் ஒருவருக்கே உரியதன்று. ஆகவே, இப்பரிசோதனையில் நிகழ்வது யாது என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மூளையின் நரம்பணுக்கள் வேலை செய்கையில் மிக நுண்ணிய மின்னலைகள் இயல்பாகவே எழுகின்றன. மனிதரின் தலைமேலிருந்தே அவற்றை முதன்முதலில் 1924-இல் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். கருவி அவ்வலைகளைக் குறித்துக்கொள்கிறதே அன்றி, தலைக்குள் மின்சாரம் செலுத்துவதில்லை. மனநோய்க்குச் செய்யும் மின்னதிர்ச்சிச் சிகிச்சை வேறு; இது வேறு. நாடி பார்க்கும் வைத்தியரின் விரலா நாடியைத் துடிக்கச் செய்கிறது?

முதல் நாளே தலைக்குக் குளித்து எண்ணெய்ப் பசையை அறவே போக்கிவிட வேண்டும். மறுநாள் எண்ணெய், பூ, கொண்டை ஊசி ஆகா. வழக்கமான ஆகாரம் உண்ணலாம். காப்பி, தேநீரைத் தவிர்ப்பது நலம். டாக்டர் சொன்னாலன்றி வலிப்பு மாத்திரையை ஒரு வேளையும் நிறுத்தலாகாது. உறக்கத்தில் எழும் அலைகளைக் காண்பதற்காக, முந்திய இரவு குறைவாகத் தூங்கி வரச் சொல்வதும் உண்டு.

கட்டிலில் படுக்கவைத்து, தலையை அளந்து, சுமார் இருபது சிறு உலோக வில்லைகளைப் பசையினால் ஒட்டுவார்கள். ஊசி போடுவதில்லை, முடி மழிப்பதுமில்லை. கண்ணை மூடித் திறக்கவும், சுமார் 3 நிமிடம் ஆழ்ந்து மூச்சு விடவும் சொல்வார்கள். கண்ணெதிரே விளக்கொன்று விட்டுவிட்டு மின்னும். அப்போது சிலருக்கு வலிப்பு வரக்கூடும். பழகிய பணியாளர் அருகிலேயே இருப்பர். திரையில் பாவு நூல் போல் கோடுகள் வரிசையாக ஓடும். பதிவு பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். பசையைக் கழுவிவிட்டு வீடு திரும்பலாம்.

பதிவில் கோளாறு தென்படவில்லை என்பதனாலேயே நோயில்லை என்று முடிவு கட்டலாகாது. அரை மணி நேரம் தறியைப் பார்த்தவர், அப்போது இழை அறவில்லை என்பதற்காக இனி அறவே அறாது என்று கூறுவாரா? முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டரே.

பெண்ணின் விவாகத்தை எண்ணி வலிப்பை மறைப்போர் பலர். விவாகத்துக்கு வலிப்பு தடை என்றிருந்த வாசகம் இந்து விவாகச் சட்டத்திலிருந்து 1999-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. தக்க மருந்தினால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும்.

இவற்றையெல்லாம் கேட்ட அந்த அங்கத்தினர், "வர்ற திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறேங்க" என்றார். பிற வீடுகளின் மாடங்களிலும் இத்தகைய சீட்டுகள் கிடக்குமாயின், அவற்றையும் இன்றே எடுத்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.