துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களுக்கு ஏன் கணக்கு இல்லை?

போராட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ஓர் ஊரில் 1 லட்சம், இன்னோர் ஊரில் 1 கோடி. எதை வைத்துக் கொடுக்கிறார்கள்? நிதானமாகப் பார்ப்போம்.

2011 செப்டம்பர் 11, தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளன்று பரமக்குடியில் போலீஸ் சுட்டதில் தலித் மக்கள் உயிரிழந்தார்கள். அரசு முதலில் அறிவித்தது தலா 1 லட்சம். 2017 ஜூன் 6, மத்தியப் பிரதேசத்தின் மந்சௌரில் விளைபொருளுக்கு நியாயமான விலை கேட்ட விவசாயிகள் சுடப்பட்டார்கள். முதலில் 5 லட்சம் என்றார்கள், பிறகு 10 லட்சம்; கொந்தளிப்பு அடங்காததால் 1 கோடி. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொன்னவர்களில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அறிவிப்பு 10 லட்சம், சில நாளில் 20 லட்சம். 2021 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கார் ஏற்றிக் கொல்லப்பட்ட 4 விவசாயிகளின் குடும்பங்களுக்கு, விவசாயச் சங்கத் தலைவர்களுடன் பேசி முடித்த தொகை தலா 45 லட்சம்.

இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணம், இதற்கென்று சட்டமோ அட்டவணையோ கிடையாது என்பதுதான். பெரும்பாலும் முதலமைச்சரின் நிவாரண நிதியிலிருந்தோ அரசாணை வழியாகவோ, அன்றைய நெருக்கடி எவ்வளவோ அவ்வளவு கொடுக்கிறார்கள். செத்தவர் பின்னால் பெரிய சங்கம் இருந்தால், தேர்தல் பக்கத்தில் வந்தால் தொகை ஏறும். கேட்க நாதியில்லாத சமூகம் என்றால் இறங்கும்.

சாலை விபத்தில் இப்படி இல்லை; அங்கே இழப்பீட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. 35 வயதுக்காரர், சொந்தத் தொழிலில் மாதம் 15,000 சம்பாதித்தவர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1,68,000. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கல் எண் 16. ஆக 26,88,000 ரூபாய். ஈமச்செலவு போன்றவை தனி. இதே மனிதர் தூத்துக்குடியில் குண்டடிபட்டுச் செத்திருந்தால் அன்று அரசு அறிவித்தது 20 லட்சம்தான். லாரி மோதிச் செத்தவருக்கு இருக்கிற கணக்கு, அரசின் குண்டுக்குச் செத்தவருக்கு இல்லை.

"சட்டத்தை மீறினவனுக்கு எதற்குப் பணம்?" என்று சிலர் கேட்பார்கள். காவலில் நேர்ந்த ஒரு மரணம் தொடர்பான நீலாவதி பெஹரா வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை அரசு பறித்தால், அரசே இழப்பீடு தரவேண்டும். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. விசாரணை ஆணையத்தின் பரிந்துரையும் அரசைக் கட்டுப்படுத்தாது. தூத்துக்குடிச் சம்பவத்தை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 50 லட்சம் பரிந்துரைத்தது. ஏற்பதும் விடுவதும் அரசின் விருப்பம்.

எனவே, குறைந்தபட்சத் தொகையைச் சட்டத்தில் எழுதுங்கள். அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஒரு தீர்ப்பாயம் முடிவு செய்யட்டும். சுட்டவர் மீதான வழக்கு தனியாக நடக்கட்டும். பணம் கொடுத்ததோடு அது முடிந்துவிடக் கூடாது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியானாலும், இதைக் கேளுங்கள்.